ஒத்தக்கொம்பியின் கோமியம்

எங்கள் குடும்பத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் காதுகுத்தானாலும், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வரும் நேரத்தில் என்னைப் பற்றிய கதை ஒன்று தவறாமல் எடுக்கப்படும். எடுப்பவர் என் தாய்மாமா. "தோ கீறாளே, இவ சொன்ன ஒரே ஒரு பொய்யில, தேர் மாதிரி நின்னுக்கினு இருந்த மாடு சாஞ்சிடுச்சு" என்று ஆரம்பிப்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். கேட்காதவர்கள் திரும்பவும் சொல்லச் சொல்வார்கள். என் கணவருக்கு எங்கள் நிச்சயதார்த்தத்தன்றே இந்தக் கதை பரிமாறப்பட்டுவிட்டது. அவரும் சிரித்தார், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பதினேழு வருஷம் சிரித்துப் பழகிய வாய்.

பொய் சொன்னது நான்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் மாமா சொல்லும் கதை நடுவிலிருந்து ஆரம்பிக்கும். நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

அப்பா வேறு குடித்தனம் வைத்துக்கொண்டு போன பிறகு, அம்மாவும் நானும் மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மாமா வீட்டில் இருந்தோம். மனிதர்களுக்கு இரண்டு அறை, மாடுகளுக்கு அதைவிடப் பெரிய கொட்டகை. அம்மா சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்தாள். நான் அதே பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு படித்தேன். மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை. அதனால் மாமா என்மேல் உயிரையே வைத்திருந்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மாமா பால்காரர் என்று ஊர் நினைத்தது. பால் பேருக்குத்தான். அவருடைய உண்மையான தொழில் கிரகப்பிரவேசம். புது வீட்டுக்குள் மனிதர் கால் வைக்கும் முன்னால் பசுவும் கன்றும் நுழைய வேண்டும் என்பது சாஸ்திரம். பெருங்குடிப் பக்கம் கம்பெனிகள் வந்து அடுக்குமாடிகள் முளைத்த காலம் அது. வீடு வாங்குகிறவர்களுக்குக் கடன் கிடைத்தது, கார் கிடைத்தது, பசு மட்டும் கிடைக்கவில்லை. அந்தக் குறையை மாமா தீர்த்துவைத்தார். முகூர்த்த நாளென்றால் விடியற்காலையிலேயே குட்டியானை என்கிற சின்ன லாரி சந்து முனையில் வந்து நிற்கும். பசுவையும் கன்றையும் ஏற்றிக்கொண்டு போய் அடையாறிலோ பெருங்குடியிலோ இறக்கி, பூஜை முடிந்ததும் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவோம்.

அந்தப் பசுவின் பெயர் வீட்டில் ஜூலி, விசேஷத்தில் லட்சுமி. வெள்ளையும் சந்தன நிறமும் கலந்த கலப்பினப் பசு. கண்ணுக்கு மை தீட்டியதுபோல் இருக்கும். கூட்டத்தைப் பார்த்து மிரளாது, பளபளத் தரையில் வழுக்காமல் அடிமேல் அடி வைத்து நடக்கும், யார் பின்பக்கம் தொட்டுக் கும்பிட்டாலும் அசையாமல் நிற்கும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் யூனிபாரத்தின் தோள்பட்டையை நக்குவாள். அந்த இடம் எப்போதும் விறைப்பாகவே இருக்கும். அம்மா திட்டிக்கொண்டே துவைப்பாள்.

கொட்டகையில் இன்னொரு பசுவும் இருந்தது. நாட்டு மாடு. எதிலோ மோதி ஒரு கொம்பு முறிந்துபோனதால் ஒத்தக்கொம்பி என்று பெயர். கொம்பு முறிந்த மாட்டை எவரும் வீட்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் அது ஒரு வீட்டையும் பார்த்ததில்லை.

விசேஷத்துக்குப் போகிற செட்டில் நானும் ஒருத்தி. கன்றுக்குட்டியின் கயிற்றைப் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் பிடித்துக்கொண்டு வந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று மாமா கண்டுபிடித்திருந்தார். அந்த நாட்களில் அம்மா பள்ளிக்கூடத்துக்கு எனக்குக் காய்ச்சல் என்று லீவு லெட்டர் எழுதுவாள். ஜூலிக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்னாலேயே எனக்கு அந்த வருஷம் ஆறு தடவை காய்ச்சல் வந்துவிட்டிருந்தது.

வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் என் பொறுப்பு. பெரியவர்கள் சொன்னால் சந்தேகப்படுவார்கள், குழந்தை சொன்னால் நம்புவார்கள் என்பது மாமாவின் சித்தாந்தம். எனக்குப் பாடம் நடத்தியிருந்தார். மாடு வெளியில் மேயுமா? மேயாது. குப்பைத் தொட்டியில் வாய் வைக்குமா? வைக்காது, அகத்திக்கீரையும் புல்லும்தான். உண்ணி உண்டா? ஒன்றுகூடக் கிடையாது. உண்மையில் ஜூலி தினமும் காலையில் மார்க்கெட் பக்கம் போய்க் குப்பைத் தொட்டியைப் புரட்டிவிட்டுத்தான் வருவாள். நான் கண்ணை அகல விரித்துக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒப்பிப்பேன். "கொழந்தை என்ன அழகா சொல்றது" என்று மாமிகள் கன்னத்தைக் கிள்ளுவார்கள்.

உண்ணி விஷயத்தில் என் பொய் அரைப் பொய். பொறுக்குவதே நான்தான். பழைய பிஸ்கட் டப்பாவில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி அத்தை கொடுப்பாள். ஒவ்வொன்றாகப் பிடுங்கி அதில் போடுவேன். மாமா இடம் குறித்துக் கொடுத்திருந்தார். "ஆளுங்க கை வெக்கிற எடத்துல மட்டும் எட்த்தா போதும் கண்ணு." முகம், கழுத்து, முதுகு, வாலடி. காதுக்கு உள்ளேயும் மடிக்கு அடியிலும் தொடைச் சந்திலும் உண்ணிகள் ஊறவைத்த கொண்டைக்கடலைபோல் தொங்கும். அதை யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. மாட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து பாட்டில் ஒன்று கொட்டகைக் கூரையில் செருகியிருந்தது. அதைத் தண்ணீரில் கலந்து மாட்டின் உடம்பிலும் சுவர் வெடிப்புகளிலும் அடித்தால் போதும். ஆனால் அந்த மருந்து நாறும். நாறுகிற லட்சுமியை யார் வீட்டுக்குள் கூப்பிடுவார்கள்? முகூர்த்தமே இல்லாத ஆடி மாதத்திலாவது அடித்திருக்கலாம். ஆடி முழுக்க மாமா கேரம் ஆடினார்.

ஆவணி பிறந்தது, வரிசையாக முகூர்த்தம். ஒருநாள் காலையில் கொட்டகையில் ஜூலி சிறுநீர் விட்டபோது பக்கத்தில் நான் நின்றிருந்தேன். கோமியம் பிடிப்பதும் என் வேலைகளில் ஒன்று. சொம்பை நீட்டியவள் அப்படியே இழுத்துக்கொண்டேன். டிகாக்‌ஷன்போல் கருஞ்சிவப்பாக இருந்தது.

"மாமா, ஜூலி காப்பி மாதிரி போறா" என்றேன்.

மாமா வந்து பார்த்தார். தரையில் ஓடியதைத் தண்ணீர் ஊற்றிக் காலால் தள்ளிவிட்டார். "சூடு" என்றார். "மோர்ல வெந்தயம் போட்டு ஊத்துனா சரியாப் பூடும். நீ யாராண்டயும் இதைச் சொல்லிக்கினு இருக்காத. இன்னா?"

அன்று அடையாறில் ஒரு வீடு. அங்கே வீட்டைச் சுத்தி செய்யும் புண்ணியாகவாசனத்துக்கு ஐயர் கோமியம் கேட்பாரே என்று நான் கவலைப்பட்டேன். மாமா கவலைப்படவில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு ஒத்தக்கொம்பியிடம் போகச் சொன்னார். நான் பிடித்து வந்தேன். நல்ல மஞ்சளாக, தெளிவாக இருந்தது. மேலே ஒரு மாவிலையைப் போட்டு மூடினேன். எந்த வீட்டு வாசலையும் மிதிக்கத் தகுதியில்லாத ஒத்தக்கொம்பியின் கோமியத்தை அன்று அடையாறு வீட்டின் மூலை முடுக்கெல்லாம் தெளித்தார்கள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பெரிய காரியம் செய்துவிட்டதுபோல் இருந்தது.

இரண்டு நாளில் ஜூலி வைக்கோலைத் தொடவில்லை. பால் பாதியாகக் குறைந்தது. காது நெருப்பாகச் சுட்டது. என் தோளை நக்கவில்லை. மாமா மோர் ஊற்றிக்கொண்டே இருந்தார். அத்தை அவரைக் கேட்காமல் ஆள் அனுப்பி மாட்டு டாக்டரை வரவழைத்துவிட்டாள்.

வந்தவர் ஒரு பெண். சின்ன வயது, ஸ்கூட்டரில் வந்தார். மாட்டு டாக்டர் என்றால் மீசை வைத்திருப்பார் என்று நினைத்திருந்த எனக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. ஜூலியின் கழுத்தைத் தடவிக்கொண்டே காய்ச்சல் பார்த்தார். இமையை இழுத்துப் பார்த்தார். மடியைப் பார்த்ததும் முகம் சுளித்தார். மறுநாள் பெருங்குடியில் விசேஷம் என்பதால் காலையிலேயே முகம், மடி, கால் எல்லாவற்றுக்கும் மாமா மஞ்சள் பூசி வைத்திருந்தார்.

"இப்படி மஞ்சளை அப்பி வெச்சிருக்கீங்களே, உடம்பே மஞ்சளாகியிருக்கான்னு நான் எப்படிப் பாக்குறது?" என்றார்.

மாமா தலையைச் சொறிந்தார்.

பிறகு டாக்டர் ஜூலியின் காது நுனியைத் துடைத்து, அங்கே ஊசியால் லேசாகக் குத்தி, வந்த சொட்டைக் கண்ணாடித் துண்டில் வாங்கி, இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் ஒரே இழுப்பில் தீற்றினார். அதைக் காற்றில் ஆட்டிக் காயவைத்தார். அது எதற்கு என்று கேட்டேன். என் உள்ளங்கையை விரித்துப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். அதற்குள்ளே இரண்டு பேரிக்காய், காம்போடு காம்பு சேர்ந்த மாதிரி.

"இது ரத்தத்துல ஒரு அணு. உள்ள இப்படி ஜோடி ஜோடியா ஒரு கிருமி உக்காந்திருக்கான்னு மைக்ராஸ்கோப்புல பாப்பேன். உண்ணி கடிச்சா உள்ள போயிடும். போயி ரத்தத்தையே உடைச்சு விட்டுடும்."

"உண்ணி பொறுக்குறது நான்தான்" என்றேன் பெருமையாக.

"எல்லா இடத்துலயும் பொறுக்குவியா?"

"ஆமா டாக்டர்."

அவர் குனிந்து மடிக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். என் தலையை ஒருமுறை தடவினார். எனக்கு எங்கேயாவது ஓடி ஒளிய வேண்டும்போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பெருங்குடி வீட்டுக்காரர்கள் வந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும், மறுநாளைக்கு வரப்போகும் பசுவை முந்தின நாளே பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள். டாக்டரைப் பார்த்ததும் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மாமா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல சார், மாசா மாசம் செக்கப்பு" என்றார்.

டாக்டர் அவர்களைக் கவனிக்கவில்லை. மாமாவைப் பார்த்துக் கேட்டார். "மூத்திரம் என்ன நிறத்துல போகுது? சிவப்பாவோ காப்பி மாதிரியோ போச்சுன்னா சொல்லிடுங்க. நான் ஸ்லைடுக்காகக் காத்திருக்க மாட்டேன், இப்பவே அதுக்கான ஊசியைப் போட்டுடுவேன். அது கொஞ்சம் கடுமையான ஊசி. நிச்சயமாத் தெரியாம போட எனக்கு மனசில்ல. ஆனா அந்த நோய்தான்னா ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்."

"சிவப்பாவா?" என்றாள் பெருங்குடி அம்மாள்.

மாமா சிரித்தார். "அய்ய, அதெல்லாம் ஒண்ணும் கெடையாதுமா. காலைல புடிச்சது தோ சொம்புலயே கீது. கண்ணு, எட்த்துக்கினு வந்து டாக்டரம்மாவாண்ட காட்டு."

சொம்பில் இருந்தது ஒத்தக்கொம்பியுடையது. பக்கத்துத் தெருவில் யாரோ கேட்டார்களென்று காலையில் நான்தான் பிடித்து வைத்திருந்தேன். அது மாமாவுக்கும் தெரியும். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் அடையாறில் கண்ணடித்தாரே, அதே முகம். நான் போய்ச் சொம்பை எடுத்து வந்து, மாவிலையை விலக்கிக் காட்டினேன்.

டாக்டர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். என்னிடம் கேட்டார். "இது இந்த மாட்டோடதுதானே?"

மாமா சிரித்தபடியே நின்றார். கதவோரம் அத்தை நின்றாள். பெருங்குடிக்காரர்கள் என் வாயையே பார்த்தார்கள். வெளியில் மேயுமா, மேயாது. குப்பையில் வாய் வைக்குமா, வைக்காது.

"ஆமா டாக்டர்" என்றேன். "லட்சுமியோடதுதான்."

குரல்கூட நடுங்கவில்லை. அத்தனை நல்ல பயிற்சி.

டாக்டர் யோசித்தார். காய்ச்சலுக்கு மட்டும் ஒரு ஊசி போட்டார். ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்துவிட்டுக் காலையில் வருவதாகவும், அதுவரை மாட்டை எங்கும் கொண்டுபோகக் கூடாதென்றும், நிறம் மாறினால் உடனே போன் பண்ண வேண்டும் என்றும் சொன்னார். மாமா எல்லாவற்றுக்கும் "சரிங்கமா" போட்டார்.

மறுநாள் விடிவதற்குள் ஜூலி குட்டியானையில் ஏறியிருந்தாள். காய்ச்சல் ஊசியில் கொஞ்சம் தெளிந்தவள்போல் இருந்தாள், நாலு வாய் புல்லும் தின்றிருந்தாள். "பாத்தியா, சரியாப் பூடிச்சு" என்றார் மாமா. எனக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்த அம்மா, "அண்ணே, டாக்டரம்மா எங்கயும் கொண்டுபோக வேணாம்னு சொன்னாங்கன்னு அண்ணி சொல்லுச்சே" என்றாள். "அப்ப டாக்டரம்மாவே போய் அவங்க வூட்ல பால் காச்சட்டும்" என்றார் மாமா. அம்மா ரிப்பனை இறுக்கிக் கட்டினாள்.

பெருங்குடி வீடு தரைத்தளம். வெள்ளை வெளேரென்ற தரை. ஜூலி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து ஹாலுக்குள் வந்தாள். மாலை போட்டார்கள், பொட்டு வைத்தார்கள், ஆரத்தி காட்டினார்கள். அவள் மூச்சு என் கைமேல் பட்டது, வேகமாக இருந்தது. நான் கன்றுக்குட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றேன். போட்டோ எடுத்தார்கள்.

அப்போது அவள் வாலைத் தூக்கினாள். புது வீட்டுக்குள் பசு கோமியம் விட்டால் அதைப்போல் அதிர்ஷ்டம் வேறில்லை என்பார்கள். கூடியிருந்த பெண்கள் முகமெல்லாம் மலர்ந்து, தலையில் தெளித்துக்கொள்ளக் கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள். நீட்டிய கைகளில் விழுந்தது கறுப்பும் சிவப்புமாக இருந்தது. வெள்ளைத் தரையில் ஓடிப் பரவியது.

யாரும் கத்தவில்லை. அந்த வீட்டுப் பெரியம்மாள் ஒருத்தி, "ரத்தம்" என்று மட்டும் சொன்னாள். முந்தின நாள் கொட்டகைக்கு வந்த அம்மாள் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் புருஷன் மாமாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். மாமா தோள் துண்டை உருவி மண்டிபோட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டே, "பீட்ரூட்டு தோலு துன்னுட்ச்சு போலகீது சார்" என்றார். துடைக்கத் துடைக்கப் பரவியது. ஐயர்தான் மெதுவாக, "மாட்டைக் கூட்டிண்டு போங்கோ, பாவம் அதுக்கு முடியல" என்றார். அந்த வீட்டில் மாட்டுக்காக ஒரு வார்த்தை பேசியவர் அவர் ஒருவர்தான்.

வண்டியில் பலகை வைத்து ஏற்றப் பார்த்தோம். ஏறவில்லை. கால்கள் நடுங்கின. நாலு ஆட்கள் சேர்ந்து தள்ளி ஏற்றினார்கள். வழியெல்லாம் நெரிசல். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பக்கத்து பைக்கில் இருந்தவர்கள் மாலை போட்ட பசுவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாதி வழியில் அவள் படுத்துவிட்டாள். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். பட்டுப்பாவாடை ஈரமானது. ஜூலி, ஜூலி என்று கூப்பிட்டேன். காதை ஒருமுறை அசைத்தாள்.

கொட்டகையில் டாக்டர் கவிழ்த்துப் போட்ட பக்கெட்மேல் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் ராத்திரி வெகுநேரம் கழித்துத்தான் ஸ்லைடைப் பார்க்க முடிந்ததாம். மாமாவுக்கு எத்தனையோ தடவை போன் அடித்திருக்கிறார், மாமா எடுக்கவில்லை. விடிந்ததும் மருந்தோடு வந்தால் கொட்டகையில் ஒத்தக்கொம்பி மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. வண்டியிலிருந்து இறக்குவதற்குள்ளேயே தொடையில் அந்த ஊசியைப் போட்டார். பாட்டில் ஏற்றினார். பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உடைஞ்ச ரத்தம் உடைஞ்சதுதான்" என்றார் அத்தையிடம். "நேத்தே போட்டிருந்தா..."

மதியச் சாப்பாட்டு மணி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அடிக்கும்போது ஜூலி போய்விட்டாள். கன்றுக்குட்டி ஒன்றும் தெரியாமல் மடியை முட்டிக்கொண்டிருந்தது. அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்திருந்தாள். சந்து முழுக்கக் கொட்டகை வாசலில் நின்றது.

டாக்டர் எழுந்து கையைக் கழுவினார். பிறகு என் முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "நேத்து சொம்புல காட்டினியே, அது எந்த மாட்டோடது?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை.

"ஒத்தக்கொம்பியோடது" என்றேன்.

"யாரு அதைக் காட்டச் சொன்னது?"

மாமாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் அந்தத் துண்டு, சிவப்புக் கறையோடு. அவர் அழுதுவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. என் மாமா, என்மேல் உயிரையே வைத்திருக்கும் மாமா, இத்தனை பேருக்கு முன்னால் அழக்கூடாது.

"யாரும் சொல்லல" என்றேன். "நானேதான் சொம்ப மாத்தி எடுத்துட்டு வந்தேன். மாமாவுக்குத் தெரியாது."

பளாரென்று கன்னத்தில் விழுந்தது. "பொய்யா சொன்னே? என் லட்சுமியைக் கொன்னுட்டியேடி பாவி" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலு பேர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அத்தை சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டாள். அம்மா என்னை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். டாக்டர் மாமாவையே வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையை எடுத்துப் பிரித்தார். அவர் போட்ட வட்டமும் இரண்டு பேரிக்காய்களும் வியர்வையில் கலங்கி இன்னும் அங்கே இருந்தன. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

"கையை நல்லா கழுவிக்கோம்மா" என்றார்.

போகும்முன் ஒத்தக்கொம்பிக்கும் கன்றுக்கும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். கன்றுக்கு ஒன்றுமில்லை என்று பிறகு சொல்லி அனுப்பினார். ஒத்தக்கொம்பியின் ரத்தத்தில் அந்தக் கிருமி கொஞ்சம் இருந்ததாம். நாட்டு மாடுகள் அதை உள்ளேயே வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் சாதாரணமாக அசைபோட்டுக்கொண்டிருக்கும், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது, பக்கத்தில் இருப்பதுதான் சாகும் என்றாராம். கூரையில் செருகியிருந்த மருந்தை மறுவாரம் அத்தை தன் கையாலேயே சுவரெல்லாம் அடித்தாள்.

சாயங்காலம் லாரி வந்து ஜூலியை எடுத்துக்கொண்டு போன பிறகு, மாமா என் கையைப் பிடித்துச் சந்து முனை பேக்கரிக்குக் கூட்டிப்போனார். கிரீம் பன் வாங்கிக் கொடுத்தார். அதுவரை பாதி பன்தான் வாங்கித் தருவார், அன்று முழுசாக இரண்டு. "அடிச்சது வலிக்குதா கண்ணு?" என்றார். இல்லை என்றேன். "நீ ரொம்ப சமத்து" என்று தலையைக் கோதினார். மாமாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு நெஞ்சு விம்மியது. ஜூலி செத்த அன்று சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. இரண்டு பன்னையும் தின்றேன்.

இப்போது நான் கே.கே. நகரில் ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். மனித ரத்தம், மனித சிறுநீர். யார் பாட்டிலை நீட்டினாலும், "இது யாரோடது?" என்று இரண்டு தடவை கேட்பேன். கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் பண்ணுவார்கள்.

போன வருஷம் நானும் என் கணவரும் ஒரு சின்ன ஃபிளாட் வாங்கினோம். பசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பால் மட்டும் காய்ச்சினோம். அம்மா அடுப்பருகில் நின்று, "உங்க மாமாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா மாட்டக் கொண்டாந்திருப்பாரு. ஆசையா இருந்தாரு" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததை அந்த இடத்திலேயே கொட்டிவிட்டேன். சொம்பை எடுத்து வரச் சொன்னது மாமா. அது ஒத்தக்கொம்பியுடையது என்று அவருக்குத் தெரியும். எனக்கு விழுந்த அடி அவருக்கு விழ வேண்டியது.

அம்மா பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும்டி" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். உங்க அத்தைக்குத் தெரியும். அந்த டாக்டரம்மா தெரியாமயா கேட்டாங்க? சந்துல அத்தினி பேருக்கும் தெரியும். ஒம்போது வயசுப் பொண்ணு தானா போய் சொம்ப மாத்துமா?"

"அப்ப ஏம்மா யாரும் ஒரு வார்த்த பேசல?"

பால் பொங்கி வந்தது. அம்மா அடுப்பைக் குறைத்தாள். "பேசிட்டு எங்க போறது? அவரு வூட்லதானே இருந்தோம்" என்றாள்.

எனக்கு அன்று ஜூலியின் ஞாபகம்கூட வரவில்லை. அந்த பேக்கரி வாசல்தான் வந்தது. மீசைபோல் உதட்டில் கிரீமை அப்பிக்கொண்டு, ஊரையே ஏமாற்றி மாமாவைக் காப்பாற்றிவிட்டதாக நிமிர்ந்து நின்றுகொண்டிருந்த அந்தப் பெண் வந்தாள். அந்தச் சந்தில் அன்று ஏமாந்தது அவள் ஒருத்திதான்.